கையில்லாத பழைய நாற்காலி: புரட்டிப் பார்த்து வாங்குவது எப்படி?

பழைய மரச் சாமான் வாங்கிப் பழக நினைக்கிறவர்கள் கையில்லாத ஒற்றை நாற்காலியில் தொடங்குவது நல்லது. கட்டில், பீரோ என்று இறங்கினால் பணமும் இடமும் சேர்ந்து போகும். நாற்காலியை ஒரு கையால் தூக்கலாம், தலைகீழாகப் புரட்டலாம், வெளிச்சத்தில் வைத்து நாலு பக்கமும் பார்க்கலாம். சாப்பாட்டு மேசை, எழுது மேசை, படுக்கையறை மூலை என்று எங்கே போட்டாலும் பொருந்தும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு, கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெரு, மும்பை சோர் பஜார் போன்ற இடங்களில் இவை நிறையக் கிடைக்கும். நூறு வருடம் தாண்டியதை ஆன்டிக் என்றும், அதற்குள் இருப்பதை விண்டேஜ் என்றும் சொல்வது வழக்கம். கடைக்காரர் வாயில் பெரும்பாலும் எல்லாமே ஆன்டிக்தான். முதல் நாற்காலிக்கு வயதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தினமும் உட்காரப் போகிற வீட்டுக்கு, ஆட்டம் கண்ட நூற்றைம்பது வருட நாற்காலியைவிடக் கெட்டியான எழுபது வருட நாற்காலியே மேல்.

1. வீட்டில் அளவு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்

சாப்பாட்டு மேசை வழக்கமாக 30 அங்குல உயரம். அதற்கு 17 முதல் 18 அங்குல உயரத்தில் இருக்கை இருந்தால் சரியாக வரும். மேசைப் பலகைக்குக் கீழே குறுக்குச் சட்டம் இருந்தால் அதையும் அளந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் தொடை இடிக்கும். கையோடு டேப் எடுத்துப் போங்கள்.

கடையில் இருக்கை 15 அங்குலம்தான் வருகிறது என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவும் தரையில் கால் நுனி ஊறி இற்றுப்போகும். கரையான் ஏறுவதும் அங்கிருந்துதான். அப்போது நாலு காலையும் ஒரே அளவாக அறுத்துவிடுவார்கள். கால்களைச் சேர்க்கும் குறுக்குக் கட்டை தரைக்கு மிக அருகில் இருந்தாலோ, ஒல்லியாகிக்கொண்டே வரும் கால் சட்டென்று தடிமனாகவே முடிந்தாலோ, அறுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

2. எந்த வகை என்று பாருங்கள்

நம் ஊர்க் கடைகளில் அதிகம் தட்டுப்படுபவை மூன்று: பிரம்பு இருக்கை போட்ட தேக்கு நாற்காலி, முதுகில் செதுக்கு வேலை செய்த ஈட்டி மர நாற்காலி, அப்புறம் வளைத்த மரத்தில் செய்த பென்ட்வுட் நாற்காலி.

மூன்றாவது வகையின் கதை தெரிந்தால் அதைச் சோதிப்பதும் சுலபமாகிவிடும். மைக்கேல் தோனெட் என்பவர் பீச் (beech) என்ற ஐரோப்பிய மரத்தின் கோல்களை நீராவியில் இளக்கி, அச்சில் வைத்து வளைத்து நாற்காலி செய்தார். அவருடைய வியன்னா நிறுவனம் 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலியில் மொத்தம் ஆறே மரத் துண்டுகள், பத்துத் திருகுகள், இரண்டு நட்டுகள். பின்னங்கால் இரண்டும் முதுகு வளைவும் ஒரே கோல். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கும் என்பதால் கப்பலேறி உலகம் முழுக்கப் போயின. காப்புரிமை முடிந்ததும் கோன் போன்ற வேறு நிறுவனங்களும் செய்யத் தொடங்கின. மும்பையின் இரானி கஃபேக்களில் இந்த வகை நாற்காலிகளை இன்றும் பார்க்கலாம். இருக்கை வளையத்தின் உட்பக்கத்தில் ஒட்டிய தாளோ முத்திரையோ இருந்தால் யார் செய்தது என்று தெரிந்துவிடும்.

இதில் பார்க்க வேண்டிய இடம் இரண்டு. வளைவின் வெளிப்பக்கத்தில் மர நார் பிரிந்து எழும்பியிருக்கிறதா? பின்னங்கால் இருக்கை வளையத்தோடு சேரும் திருகைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா? திருகு மட்டும் தளர்ந்திருந்தால் முடுக்கினால் போதும். வெடிப்பு இருந்தால் விட்டுவிடுங்கள்.

3. தலைகீழாகப் புரட்டுங்கள்

மேலே தெரிவதெல்லாம் விற்பதற்காகத் தேய்த்துப் பளபளப்பாக்கியது. அடிப்பக்கத்தில்தான் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள். போன் டார்ச்சை அடித்து நிதானமாகப் பாருங்கள், கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் பரவாயில்லை.

பழைய மரம் உள்பக்கம் காற்றுப் பட்டு ஒரே சீராகக் கறுத்திருக்கும். ஒரு கட்டை மட்டும் வெளிறித் தெரிந்தால் அது பிற்பாடு மாற்றியது. எல்லாக் கட்டையிலும் அடிவரைக்கும் ஒரே கறுப்புச் சாயம் பூசியிருந்தால் எதையோ மறைக்கிறார்கள். பிளஸ் தலைத் திருகு தெரிந்தால் கவனியுங்கள்: அது 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய நாற்காலி என்று சொல்லி விற்றால், பின்னால் வந்த கை அதைத் தொட்டிருக்கிறது. பழுது பார்த்ததே குற்றமில்லை, நல்ல ஆசாரி பார்த்த பழுது நாற்காலியின் ஆயுளைக் கூட்டும். ஆனால் இணைப்பில் அடித்த இரும்பு ஆணியும், வெடிப்பில் அப்பிய எம்-சீலும் நல்ல அறிகுறி இல்லை. ஆணி அடித்த இடத்தில் மரம் மேலும் பிளக்கும்.

தேய்மானத்தையும் பாருங்கள். முன்பக்கக் குறுக்குக் கட்டையில் கால் வைத்து வைத்து நடுவில் குழிந்திருக்கும். பின்னங்கால் நுனி, சாய்ந்து உட்கார்ந்ததில் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். இப்படி, தேய வேண்டிய இடத்தில் தேய்ந்திருந்தால் நம்பலாம். எல்லா மூலையும் ஒரே மாதிரி மழுங்கியிருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பழசாக்கியது.

பூச்சித் துளையும் இங்கேதான் தெரியும். துளை இருந்தாலே பயப்பட வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்துத் தட்டுங்கள். மாவு போலப் புதுத் தூள் கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கலாம். தேக்கின் உள்ளிருக்கும் வைரப் பகுதியைப் பூச்சி எளிதில் தொடாது, அதைச் சுற்றியுள்ள வெளிறுப் பகுதியை அரித்துவிடும். பீச் மரத்துக்கு இந்த எதிர்ப்பு குறைவு என்பதால் பென்ட்வுட்டில் இரட்டைக் கவனம் தேவை.

4. ஆட்டிப் பாருங்கள், அப்புறம் உட்காருங்கள்

சமதரையில் வைத்து எதிரெதிர் மூலைகளை அழுத்துங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் ஒரு கால் குட்டை. அது சின்ன விஷயம். முதுகை ஒரு கையாலும் இருக்கையை ஒரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால், முதுகும் இருக்கையும் சேரும் மூட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று தெரியும். சாயும்போது உடம்பின் பாரமெல்லாம் விழுவது அந்த மூட்டில்தான். பழைய நாற்காலிகளை வஜ்ரம் என்ற விலங்குப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். அது வெந்நீருக்கு இளகும், ஆகவே ஆசாரியால் கழற்றி மறுபடி ஒட்ட முடியும். மூட்டில் மரமே உடைந்திருந்தால் செலவு கட்டுப்படியாகாது.

பிறகு ஐந்து நிமிடமாவது உட்காருங்கள். முதுகுச் செதுக்கு வேலை தோள்பட்டையில் குத்துகிற நாற்காலிகள் உண்டு. பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும், யாரும் உட்கார மாட்டார்கள்.

5. மரத்தை அறிந்துகொள்ளுங்கள்

ஈட்டி என்று சொல்லிச் சாயம் பூசிய வேறு மரத்தைத் தருவது பழைய தந்திரம். ஈட்டி நல்ல கனம், கருஞ்சிவப்பில் கறுத்த வரிகள் ஓடும். கேட்டுவிட்டு, அடியில் மறைவான இடத்தில் நகத்தளவு சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது சாயம் பூசியதுதான், சந்தேகமே வேண்டாம். தேக்கைச் சுரண்டினால் எண்ணெய்ப் பிசுக்கோடு அதற்கே உரிய வாசனை வரும். பாலிஷ் போடாத நாற்காலி கிடைத்தால் அதையே கேட்டு வாங்குங்கள். பாலிஷ் செலவைவிட, மரத்தை மரமாகப் பார்த்து வாங்குவதில் லாபம் அதிகம்.

6. பிரம்பு இருக்கை

சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளைகள் இருந்தால் கையால் பின்னியது. துளை இல்லாமல், ஓரமாக ஓடும் பள்ளத்தில் ஒரு பிரம்புக் கீற்றை அடித்து இறுக்கியிருந்தால் மெஷினில் நெய்த பிரம்புத் தாள் பதித்தது. இரண்டும் உட்காரத் தாங்கும், கைப்பின்னலுக்கு ஆயுள் அதிகம். சில நாற்காலிகளில் பிரம்பை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் ஒயர் போட்டிருப்பார்கள். துளைகள் நல்லபடி இருந்தால் திரும்பப் பிரம்பே பின்னிக்கொள்ளலாம். பின்னல் கிழிந்திருப்பதற்காக நல்ல சட்டத்தை விடாதீர்கள், பேரம் பேச அதுவே உதவும். இந்த வேலையைக் கற்றுத் தேர்ந்த பார்வையற்றோர் பலர் இருக்கிறார்கள், விசாரித்துக் கொடுங்கள். துளைக்குத் துளை ஓடிய விரிசல் இருந்தால் மட்டும் வேண்டாம், புதுப் பின்னலின் இழுவையை அந்தச் சட்டம் தாங்காது.

7. செட்டாக வாங்கினால்

ஆறு நாற்காலி கொண்ட செட் என்றால் ஆறையும் வரிசையாக நிறுத்தி உயரத்தையும் அகலத்தையும் அளந்துவிடுங்கள். ஒரே மாதிரி தெரியும் இரண்டு செட்டைச் சேர்த்து விற்பதுண்டு. ஆறு வேண்டாம் என்றால், வெவ்வேறு முதுகு கொண்ட ஒற்றை நாற்காலிகளை ஒரே இருக்கை உயரத்தில் தேடுங்கள். மேசையைச் சுற்றிப் போட்டால் நன்றாகவே சேரும், விலையும் குறையும்.

8. வீட்டுக்குள் வரும் முன்

பிரம்புத் துளைகள் மூட்டைப்பூச்சிக்குப் பிடித்த இடம். கொண்டுவந்ததும் வெளியிலேயே வைத்து, துளைகளில் கொதிக்கும் நீராவி காட்டி, காயவிட்டு உள்ளே எடுங்கள். தொய்ந்த பின்னலின் அடிப்பக்கத்தை ஈரத் துணியால் நனைத்து நிழலில் உலரவிட்டால் ஓரளவு இறுகும்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோக வாங்குபவர்களுக்கு ஒன்று. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைப்பொக்கிஷச் சட்டப்படி நூறு வருடம் கடந்த கைவினைப் பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. வயது சந்தேகமாக இருந்தால், அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிய பிறகே கப்பலில் ஏற்ற ஏற்பாடு செய்யுங்கள்.