ஒன்றுபோலத் தெரியும் இரண்டு ஆஃப்-ஒயிட்: வித்தியாசம் பார்ப்பது எப்படி?

பெயிண்ட் ஷேட் கார்டில் இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும். சுவர் முழுக்க அடித்த பிறகு ஒன்றில் மஞ்சள் தூக்கலாகத் தெரியும், மற்றது சாம்பல் பூத்திருக்கும். ஆஃப்-ஒயிட் என்பதே வெள்ளையில் துளி மஞ்சளோ சிவப்போ பச்சையோ கறுப்போ கலந்ததுதான். தனியாகப் பார்த்தால் கண் அதை வெள்ளை என்றே எடுத்துக்கொள்ளும்; பக்கத்தில் அசல் வெள்ளை இருந்தால்தான் அடிச்சாயல் பிடிபடும். பிரின்டர் தாளை அதற்கு வைக்காதீர்கள். பளிச்சென்று தெரிவதற்காக அதில் சேர்க்கும் பொருளால் தாள் நீலம் பாய்ந்திருக்கும், பக்கத்தில் எந்த ஷேடும் மஞ்சளாகவே தெரியும்.

இரண்டு அடிக்கு இரண்டு அடி பலகை இரண்டு எடுத்து வெள்ளை பிரைமர் அடியுங்கள். சுற்றிலும் 2 அங்குலம் விட்டு, நடுவில் பலகைக்கொரு ஷேடை 2 கோட் அடியுங்கள். விட்ட விளிம்புதான் ஒப்பிடும் வெள்ளை. சுவருக்கு ரோலர் என்றால் பலகைக்கும் ரோலர். ஒன்று மேட், மற்றது சாட்டின் என்று இருந்தால் பளபளப்பு வித்தியாசத்தை நிற வித்தியாசம் என்று நினைத்துவிடுவீர்கள். ஈர எமல்ஷன் காயும்போது நிறம் மாறும், அதனால் ஒரு நாள் பொறுங்கள். பழைய நிறச் சுவரில் நேரடியாக ஒரு தீற்று தீற்றிப் பார்ப்பது வீண். சுற்றியிருக்கும் நிறம் கண்ணை ஏமாற்றிவிடும்.

பலகைகளைத் தரையில் படுக்க வைக்காமல் சுவரோடு நிமிர்த்தி வையுங்கள். முதலில் ஓரத்தோடு ஓரம் ஒட்டிப் பார்த்தால் எது மஞ்சள், எது சாம்பல் என்று தெரியும். ஆனால் ஒட்டி வைக்கும்போது வித்தியாசம் கூடுதலாகத் தெரியும். அதனால் ஒன்றை அறையைவிட்டு எடுத்துவிட்டு, மற்றதைத் தனியாகப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

காலை, நண்பகல், இரவு மூன்று வேளையும் பார்க்க வேண்டும். 2700 கெல்வின் பல்பு மஞ்சளைக் கூட்டும், 6500 கெல்வின் நீலத்தைக் கூட்டும். பகலில் ஒத்துப்போகும் இரண்டு ஷேடு, நிறமிகள் வேறு என்பதால் பல்பு வெளிச்சத்தில் பிரிந்து போவதும் உண்டு. பல்பு மாற்றப்போகிறீர்கள் என்றால் அதை முதலில் மாற்றுங்கள். அறை மூலையிலும் வைத்துப் பாருங்கள்: அங்கே சேரும் இரண்டு சுவர்களும் ஒன்றின்மேல் ஒன்று ஒளியைத் திருப்பி அடிப்பதால் அங்கே சாயல் அடர்த்தியாகும். சிவப்புத் தரை இருந்தால் சுவரின் கீழ்ப்பகுதி இளஞ்சிவப்பாகும்.

டப்பாவில் எல்.ஆர்.வி. எண் இருந்தால், அது 0 முதல் 100 வரை எவ்வளவு ஒளி திரும்பும் என்பதை மட்டுமே சொல்லும். எண் ஒன்றாக இருந்தும் சாயல் வேறாக இருக்கலாம்.

தேர்ந்ததும் ஷேடு எண்ணையும் பேஸ் (நிறம் கலக்கும் அடிப்படை பெயிண்ட்) பெயரையும் பலகையின் பின்னால் எழுதி வையுங்கள். ஒரு சுவருக்கான டப்பாக்களைப் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்த பிறகே அடியுங்கள். டப்பாவுக்கு டப்பா சிறிது மாறினாலும் ஆஃப்-ஒயிட்டில் ஒட்டுப்போட்டதுபோல் தெரியும்.