அகதிப் பிள்ளைகளுக்கான உதவித் திட்டம்: தொடங்கும் முன்பே கண்காணிப்பை வகுப்பது எப்படி?

சிங்கப்பூரில் ஒரு தமிழர் அமைப்போ நண்பர் குழுவோ அகதிப் பிள்ளைகளுக்கு உதவ முன்வரும்போது, முதற்கூட்டத்தில் எழும் கேள்வி பெரும்பாலும் “என்ன அனுப்பலாம்?” என்பதாகவே இருக்கிறது. புத்தகப்பை, எழுதுபொருள், புத்தாடை என்று பட்டியல் நீள்கிறது. பொருள் போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் அதைக் கையில் ஏந்தி நிற்கும் படம் புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்தவுடன் திட்டம் வெற்றி எனக் கருதப்படுகிறது. அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் அடுத்த ஆண்டும் பள்ளிக்குச் செல்கிறார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று பின்னால் தோன்றினாலும், தொடக்கத்தில் எதையும் குறித்து வைக்காததால் விடை சொல்ல வழியில்லாமல் போகிறது. ஆகவே, எதை அளப்பது, யார் அளப்பது, அளந்ததைக் கொண்டு எதை மாற்றுவது என்ற மூன்றையும் முதல் வெள்ளியைத் திரட்டும் முன்பே தீர்மானிக்கும் முறையை இங்கே விளக்குகிறேன். முன்னனுபவம் இல்லாத தொண்டூழியர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக, தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில் நடத்தப்படும் மாலைநேரத் துணைப்பாட வகுப்பைக் கற்பனையாக எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: யாருக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பதை முடிவு செய்யுங்கள்

அகதி முகாம் என்ற ஒரே சொல்லுக்குள் முற்றிலும் வேறுபட்ட வாழ்க்கைகள் அடங்கியுள்ளன. நம் ஊரிலேயே செம்பவாங் பகுதியில், ஹாக்கின்ஸ் சாலையில், 1978 முதல் 1996 வரை வியட்னாமிய அகதிகளுக்கான முகாம் ஒன்று இயங்கியது. வேறொரு நாடு ஏற்றுக்கொள்ளும் என்ற உறுதியோடு வருவோர் மட்டுமே அனுமதிக்கப்பட்டனர். அவர்கள் 90 நாள்களுக்குள் புறப்பட வேண்டும் என்பதும், ஒரே நேரத்தில் 1,000 பேருக்கு மேல் தங்கக்கூடாது என்பதும் விதி. அத்தகைய இடத்தில் ஒரு பிள்ளைக்குத் தேவைப்படுவது போகப்போகும் நாட்டின் மொழியில் சில பாடங்களும், அச்சமின்றி விளையாட ஓரிடமும்தான். தமிழ்நாட்டு முகாம்களிலோ 1983க்குப் பின் வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேயே பிறந்து, அரசுப் பள்ளிகளில் படித்து வளர்கிறார்கள். வங்காளதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களுக்கு 2017 ஆகஸ்ட் முதல் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வந்து சேர்ந்தனர். அங்குள்ள பிள்ளைகள் நாட்டின் பள்ளிகளில் சேர முடியாது, முகாமுக்குள் உள்ள கற்றல் நிலையங்களையே நம்பியிருக்கிறார்கள். மலேசியாவிலும் அகதிப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடமில்லை. சமூகத்தினர் நடத்தும் கற்றல் நிலையங்களே புகலிடம்.

பள்ளியே இல்லாத பிள்ளைக்கும், பள்ளியில் இருந்தும் பின்தங்கும் பிள்ளைக்கும் ஒரே திட்டம் பொருந்தாது. எனவே, பிள்ளைகளின் வயது, அவர்கள் இருக்கும் இடம், அங்கே அவர்களுக்குள்ள சட்டநிலை, உங்களால் தொடர்ந்து உடனிருக்கக்கூடிய காலம் ஆகிய நான்கையும் ஒரே பத்தியில் எழுதுங்கள். இரண்டு ஆண்டுகளுக்குக் கைகொடுக்க முடியாது என்றால் வகுப்பு தொடங்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. பாதியில் நின்றுபோகும் வகுப்பு, பெற்றோர் அடுத்துவரும் அமைப்பின் மீது வைக்கும் நம்பிக்கையையும் சேர்த்தே கெடுக்கிறது.

படி 2: பணம் செல்லும் வழியைச் சட்டப்படி அமையுங்கள்

வெளிநாட்டு அறப்பணிக்காகச் சிங்கப்பூரில் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி தேவை. பொதுமக்களிடம் திரட்டும் நிகர நிதியில் குறைந்தது 80 விழுக்காடு சிங்கப்பூருக்குள்ளேயே பயன்பட வேண்டும் என்பது பொது விதி. பேரிடர் நிவாரணம், தனிப்பட்ட முறையில் திரட்டும் நிதி போன்றவற்றுக்கு ஆணையர் இதைத் தளர்த்தலாம். உள்ளூர்ப் பொதுநல அமைப்புகளுக்கு அளிக்கும் நன்கொடைக்குக் கிடைக்கும் 250 விழுக்காட்டு வரிக்கழிவு இத்தகைய வெளிநாட்டு நிதிக்குக் கிடையாது என்பதையும் கொடையாளர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இந்தியப் பக்கத்தில் 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் உண்டு. அச்சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புக்கு மட்டுமே நீங்கள் பணம் அனுப்ப முடியும். அதுவும் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் அவ்வமைப்பு வைத்திருக்கும் கணக்குக்கே செல்ல வேண்டும். 2020ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின், பெற்ற நிதியை வேறோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது, நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டவும் கூடாது. தெரிந்தவர் ஒருவரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பிவிடலாம் என்று யாரேனும் யோசனை சொன்னால், அதனால் சிக்கலில் மாட்டிக்கொள்ளப்போவது நாம் அல்ல, முகாமில் வேலை செய்பவர்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். முகாமுக்குள் நுழைவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். அதை உள்ளூர்க் கூட்டாளி அமைப்பின் வழியாகவே கேட்டுப் பெறுங்கள்.

படி 3: தேவையைக் கேட்டறியுங்கள்

ஏற்கெனவே கிடைப்பது என்ன என்பதிலிருந்து தொடங்குங்கள். தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் முகாம் மக்களுக்கென 317 கோடி ரூபாய் மதிப்புள்ள திட்டங்களை அறிவித்தது. பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவதோடு மாணவர் உதவித்தொகையும் அவற்றுள் இருந்தது. 1984 முதல் இயங்கிவரும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்று, அகதிகளே நடத்தும் அமைப்புகளும் கல்விப் பணியில் உள்ளன. அவர்கள் செய்வதையே நாமும் தொலைவிலிருந்து செய்வதில் பயனில்லை. விடுபட்டுள்ள இடத்தைத் தேட வேண்டும்.

பெற்றோர், பள்ளி ஆசிரியர், பிள்ளைகள் ஆகிய மூன்று தரப்பினரையும் தனித்தனியாகச் சந்தியுங்கள். பெண்பிள்ளைகளை ஒரு பெண் தொண்டூழியர் தனியே சந்திக்கட்டும். தங்களைப் பற்றிய முடிவுகளில் கருத்துச் சொல்லும் உரிமையை 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு பிள்ளைகளுக்கு அளிக்கிறது. 22ஆம் பிரிவு அகதிப் பிள்ளைகளுக்குரிய பாதுகாப்பைப் பேசுகிறது. சிங்கப்பூரும் 1995 முதல் அவ்வுடன்படிக்கையில் இணைந்த நாடு. “உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டால் பிள்ளைகள் நாம் மகிழும் விடையைச் சொல்லிவிடுவார்கள். “நேற்றுப் பள்ளி விட்டதிலிருந்து தூங்கும்வரை என்ன செய்தாய்?” என்று கேளுங்கள், தண்ணீர் பிடிக்கும் நேரம், தம்பியைப் பார்த்துக்கொள்ளும் நேரம், வெளிச்சமில்லாத பாதை எல்லாம் தானாக வெளிப்படும். போர், இழப்பு பற்றிய கேள்விகளைக் கேட்கவே வேண்டாம். அந்தப் பதில்களை வைத்துக்கொண்டு செய்வதற்கு நம்மிடம் எதுவுமில்லை.

படி 4: விளைவுத் தொடரை எழுதுங்கள்

உதவித் துறையினர் இதை லாக்ஃப்ரேம் என்பார்கள். பெயர் மிரட்டினாலும் உள்ளடக்கம் எளிது. கீழிருந்து மேலாக நான்கு வரிகளை எழுதுங்கள்: நாம் போடுவது ஆசிரியர் சம்பளம், இடம், புத்தகம்; அதனால் நடப்பது வாரத்துக்கு ஐந்து மாலை வகுப்பு; அதனால் பிள்ளைகளிடம் ஏற்படும் மாற்றம், தம் வகுப்புக்குரிய பாடத்தைத் தாமாகப் படித்துப் புரிந்துகொள்வது; அதனால் காலப்போக்கில் நிகழக்கூடியது, இடைநிற்றல் குறைந்து மேல்நிலைக் கல்விவரை செல்வது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அது நடந்ததா என்பதைக் காட்டும் குறிகாட்டியையும், அதை எங்கிருந்து பெறுவது, யார், எப்போது பெறுவது என்பதையும் எழுதுங்கள். இறுதியாக, இந்தத் தொடர் அறுந்துபோகக்கூடிய இடங்களை ஒரு பத்தியில் எழுதுங்கள்: ஆசிரியர் விலகலாம், மழைக்காலத்தில் கூடம் ஒழுகலாம், குடும்பங்கள் இலங்கை திரும்பலாம்.

புதியவர்கள் இருபது, முப்பது குறிகாட்டிகளை அடுக்கிவிடுகிறார்கள். ஐந்தோ ஆறோ போதும். ஒரு குறிகாட்டி காட்டும் எண் கூடினால் நாம் எந்த முடிவும் எடுக்கப்போவதில்லை, குறைந்தாலும் எடுக்கப்போவதில்லை என்றால் அந்தக் குறிகாட்டியை அடித்துவிடுங்கள். “வழங்கப்பட்ட புத்தகப்பைகளின் எண்ணிக்கை” பெரும்பாலும் இந்தச் சோதனையில்தான் விழுந்துவிடும்.

வகுப்பறை, கழிப்பறை, தண்ணீர் போன்றவற்றின் குறைந்தபட்ச அளவுகளை நீங்களாக ஊகிக்க வேண்டியதில்லை. முகாமில் வாழ்வோருக்கு நாளொன்றுக்கு ஒருவருக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்பன போன்ற அளவுகளை, நிவாரணப் பணிக்கான குறைந்தபட்சத் தரநிலைகளைத் தொகுத்துள்ள ஸ்பியர் கையேடு தருகிறது. நெருக்கடிகாலக் கல்விக்கும் குழந்தைப் பாதுகாப்புக்கும் இதேபோன்ற தனித் தரநிலைகள் உள்ளன.

படி 5: தொடக்க நிலையை அளந்து வையுங்கள்

முதல் வகுப்புக்கு முன்பே ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பு நிலையையும் அளந்துவிட வேண்டும். இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல், பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் ஏசர் ஆய்வில் பயன்படுத்தும் ஒரு பக்க வாசிப்புச் சோதனை தமிழிலும் உண்டு. எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று படிப்படியாகச் செல்லும் அச்சோதனையை, சற்றே பயிற்சி பெற்ற தொண்டூழியர் ஒரு பிள்ளைக்குச் சில நிமிடங்களில் நடத்திவிடலாம். மூத்த மாணவர்களுக்குப் பள்ளித் தேர்வு மதிப்பெண்ணைப் பெற்றோரின் இசைவோடு குறித்துக்கொள்ளலாம். பார்வை, செவித்திறன், நடமாட்டம் முதலியவற்றில் இடர்ப்பாடுள்ள பிள்ளைகள் கணக்கிலிருந்து விடுபடாதிருக்க, யூனிசெஃப் பங்கேற்று உருவாக்கிய, 2 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்கான செயல்திறன் வினாத்தொகுப்பைப் பயன்படுத்துங்கள்.

படி 6: பிள்ளைகளின் பாதுகாப்புக்கான விதிகளை எழுதுங்கள்

வகுப்பு தொடங்குவதற்குமுன் இந்த விதிகள் எழுத்தில் இருந்தாக வேண்டும். எந்தப் பெரியவரும் பிள்ளையுடன் தனித்து இருக்கக்கூடாது. இருவர் எப்போதும் உடனிருக்க வேண்டும். அடிப்பது, திட்டி அவமானப்படுத்துவது, பரிசு கொடுத்துத் தனிப்பட்ட நெருக்கம் வளர்ப்பது ஆகியவை விலக்கப்பட்டவை என்று ஆசிரியர், ஓட்டுநர், சிங்கப்பூரிலிருந்து செல்லும் நன்கொடையாளர் உட்பட எல்லாரும் கையெழுத்திட வேண்டும். ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொன்னால் தொண்டூழியர் விசாரணை நடத்தக்கூடாது. அமைதியாகக் கேட்டு, முன்பே பெயரிட்டு வைத்திருக்கும் பொறுப்பாளரிடம் உடனே சேர்க்க வேண்டும். இந்தியாவில் குழந்தைகள் உதவி எண் 1098 என்பதை வகுப்பறைச் சுவரில் எழுதி வையுங்கள். அமைப்பின் மீதே புகார் சொல்ல ஒரு வழியும் இருக்க வேண்டும். அப்புகாரை வகுப்பு நடத்துபவர் அல்லாத ஒருவர் பெற வேண்டும்.

படங்களைப் பொறுத்தவரை நான் கண்டிப்பானவன். முகமும் பெயரும் முகாமும் ஒரே பதிவில் வரவே கூடாது. உதவி பெறும் நிலையில் உள்ள பெற்றோர் “சரி” என்று தலையாட்டுவதை முழு இசைவு என்று கொள்ள முடியாது.

படி 7: மாதந்தோறும் பிரித்துப் பாருங்கள்

கண்காணிப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். வகுப்பில் 60 பிள்ளைகள். மாதத்தில் 20 வகுப்பு நாள்கள். எல்லாரும் எல்லா நாளும் வந்திருந்தால் வருகை 1,200 ஆக இருக்கும். பதிவேட்டில் இருப்பது 900. அதாவது 75 விழுக்காடு. சிங்கப்பூரில் இருந்து பார்ப்பவருக்கு இது நிறைவான எண்ணாகத் தோன்றும்.

இதை ஆண், பெண் என்று பிரியுங்கள். 35 பையன்களின் வருகை 700க்கு 616. அது 88 விழுக்காடு. 25 பெண்பிள்ளைகளின் வருகை 500க்கு 284. ஏறத்தாழ 57 விழுக்காடு. இனிப் பெண்பிள்ளைகளை வயதுவாரியாகப் பிரியுங்கள். 13 வயதுக்குட்பட்ட 13 பேர் 260க்கு 200 வந்திருக்கிறார்கள். 13 வயதும் அதற்கு மேலும் ஆன 12 பேர் 240க்கு 84 மட்டுமே, அதாவது 35 விழுக்காடு. இடைநிற்கும் ஆபத்து மிகுந்த பிள்ளைகளே வகுப்புக்கு வரவில்லை என்பதை அந்த 75 மூடி மறைத்துவிட்டது.

எண் இதற்கு மேல் பேசாது. ஏன் வரவில்லை என்பதை அந்தப் பன்னிரண்டு வீடுகளுக்குச் சென்று கேட்க வேண்டும். வகுப்பு இரவு எட்டு மணிக்கு முடிவதும், திரும்பும் வழியில் விளக்கில்லாததும் காரணமாக இருந்தால், வருகைக்குப் பரிசு அறிவிப்பதால் எதுவும் மாறாது. நேரத்தை முன்னதாக்கவோ, பெண்பிள்ளைகளைக் கூட்டாக வீட்டில் விடுவதற்கு ஓர் அக்காவை அமர்த்தவோ வேண்டும். மாற்றிய தேதியைப் பதிவேட்டிலேயே எழுதுங்கள். அடுத்த இரு மாத வருகையை அதே வயதுவாரியாக ஒப்பிட்டால், மாற்றம் பலித்ததா என்பது தெரியும். பலிக்கவில்லை என்றால் காரணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டோம் என்று பொருள். மீண்டும் அந்த வீடுகளுக்குப் போக வேண்டும்.

முகாமையொட்டி வாழும் ஏழை உள்ளூர்ப் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் இதே பதிவேட்டில் தனியே காட்டுங்கள். அவர்களுக்கும் வகுப்பில் இடமளித்தால், முகாமுக்கு மட்டும் சலுகையா என்ற கசப்பு வளராது.

படி 8: தொலைவிலிருந்து சரிபார்த்து, முறையாக முடியுங்கள்

மாதம் ஒரு காணொளி அழைப்பு போதுமானது. அதில் பதிவேட்டின் படம், செலவுச் சீட்டு, எடுத்த முடிவு ஆகிய மூன்றை மட்டும் பேசுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை நேரில் செல்பவர், பதிவேட்டில் வந்ததாகக் குறிக்கப்பட்ட பெயர்களில் சிலவற்றைக் குலுக்கலாகத் தேர்ந்து, பெற்றோரிடம் இயல்பாக விசாரித்து ஒப்பிடலாம். சென்றவருக்காக வரவேற்பு விழா, நடனம் என்று வகுப்பு நாள்கள் வீணாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மோசமான எண்ணை அனுப்பிய ஒருங்கிணைப்பாளரை யாரும் கடிந்துகொள்ளக் கூடாது. ஒரு முறை கடிந்தால் அதன் பிறகு வரும் எண்களெல்லாம் அழகாகவே இருக்கும்.

ஆண்டு முடிவில் படி 5இல் நடத்திய வாசிப்புச் சோதனையை மீண்டும் நடத்தி, முடிவை முதலில் பெற்றோர் கூட்டத்தில் சொல்லுங்கள்; கொடையாளர் அறிக்கை அதற்குப் பின். பிள்ளைகள் முன்னேறியிருந்தாலும் அது முழுக்க நம் வகுப்பால்தான் என்று எழுதாதீர்கள். பள்ளி ஆசிரியரின் உழைப்பும் அதில் உண்டு. திட்டத்தை முடிப்பதாக இருந்தால், ஆறு மாதங்களுக்கு முன்பே குடும்பங்களுக்குத் தெரிவித்து, யார் தொடர்ந்து நடத்துவார் என்பதை எழுத்தில் உறுதி செய்யுங்கள். பிள்ளைகளின் பெயர், படம், வீட்டு விவரம் அடங்கிய கோப்புகளைத் தொண்டூழியர்களின் கைப்பேசிகளிலிருந்தும் அழித்துவிடுங்கள். கணக்குப் பதிவேடுகள் வேறு. பதிவு பெற்ற அறநிறுவனமாக இருந்தால் அவற்றைக் குறைந்தது 5 ஆண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும்.