சின்னத் தொட்டியில் லைவ் ராக்: அடுக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

கடல்நீர்த் தொட்டி புதிதாக வைப்பவர்கள் மீனையும் விளக்கையும் பற்றி மாதக்கணக்கில் விசாரிப்பார்கள். பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் குடியிருக்கும் கடல் கல்லான லைவ் ராக்கை மட்டும் அரை மணி நேரத்தில் அடுக்கி முடித்துவிடுவார்கள். மீனை மாற்றலாம், விளக்கையும் மாற்றலாம். ஆனால் பவளம் ஒட்டி வளர ஆரம்பித்த கல்லை நகர்த்துவது பெரும்பாடு. 100 லிட்டருக்கும் குறைவான தொட்டி என்றால் கை நுழையவே இடமிருக்காது. அதனால் இந்த முதல் நாள் வேலைக்கு ஒரு முழு நாளையே ஒதுக்குவது நல்லது.

அந்தக் கல் தொட்டியில் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால் அடுக்கும் விதமும் தானாகப் புரியும். பழைய பவள எலும்புக்கூடுகளால் ஆன சுண்ணாம்புக் கல் அது. உள்ளே எங்கும் நுண்துளைகள், துளை முழுக்க பாக்டீரியா. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். ஆக்சிஜன் சரியாக எட்டாத உள்துளைகளில் இருப்பவை நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும். ஆக, அந்தக் கல்தான் உங்கள் ஃபில்டர். தண்ணீர் அதைச் சுற்றி ஓடினால்தான் அது வேலை செய்யும். கீழே சொல்லும் தவறுகளில் சில இந்த ஓட்டத்தை மறப்பதால் வருபவைதான்.

முதலில் அளவு. லிட்டருக்கு 120 முதல் 180 கிராம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அதன்படி 60 லிட்டர் தொட்டிக்கு 7 முதல் 11 கிலோ வரை போட வேண்டும். இதை அப்படியே பின்பற்றாதீர்கள். எடை கல்லுக்குக் கல் மாறும். கெட்டியான கல் 10 கிலோ இருந்தும் துளைகள் குறைவாக இருக்கும். துளை நிறைந்த கல்லோ பார்க்கப் பெரிதாகவும் கையில் எடுத்தால் லேசாகவும் இருக்கும், அதைத்தான் தேடி எடுக்க வேண்டும். இன்னொரு விஷயம், 10 கிலோ கல் 3 லிட்டருக்கு மேல் தண்ணீரின் இடத்தை எடுத்துக்கொள்ளும். சின்னத் தொட்டியில் தண்ணீர் குறையக் குறைய உப்பின் அளவும் வெப்பமும் வேகமாக ஏறி இறங்கும். 60 லிட்டருக்கு நல்ல துளையுள்ள கல் 5, 6 கிலோவில் தொடங்கினால் போதும் என்பது என் கருத்து. பிறகு சேர்ப்பது எளிது, எடுப்பதுதான் கஷ்டம்.

அடுத்தது, எல்லோரும் செய்யும் தவறு: பின்பக்கக் கண்ணாடியை ஒட்டிச் சுவர்போல அடுக்குவது. முன்னால் மீன் நீந்த இடம் கிடைக்கும், பின்னால் இருக்கும் வயரும் குழாயும் மறையும் என்று அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் அசையாமல் நிற்கும். மிச்சத் தீனியும் மீன் கழிவும் அங்கே போய்த் தங்கி அழுகும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறும், பின்னாலேயே பாசியும் வரும். உங்கள் தொட்டியில் இப்படி இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், ஊசி இல்லாத பெரிய பிளாஸ்டிக் சிரிஞ்சில் தொட்டித் தண்ணீரையே எடுத்து, கற்களின் இடுக்கில் வேகமாகப் பீய்ச்சிப் பாருங்கள். பழுப்புத் தூள் குபீரென்று கிளம்பி முன்கண்ணாடி வரை மங்கினால், அந்த இடத்துக்கு ஓட்டமே போகவில்லை என்று அர்த்தம். கொஞ்சமாகத் தூள் வந்து உடனே கலைந்தால் பரவாயில்லை.

பின்னாலும் பக்கங்களிலும் குறைந்தது நான்கு விரல் இடைவெளி விடுங்கள். கண்ணாடி துடைக்கும் காந்தம் சுற்றிவர அந்த இடம் வேண்டும். ஒரே குவியலாக இல்லாமல் பெரிதும் சிறிதுமாக இரண்டு தீவுகள், நடுவே ஒரு கால்வாய் என்று அமைத்தால் ஓட்டமும் நன்றாக இருக்கும், பார்வைக்கும் தொட்டி பெரிதாகத் தெரியும். கல்லுக்குள் இரண்டு, மூன்று குகைகள் இருக்கட்டும். ஒரே ஒரு நல்ல பொந்து இருந்தால் பலமான மீன் அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை விரட்டும். ஒன்றின் கண்ணில் படாமல் இன்னொன்று ஒதுங்க வழி இருக்க வேண்டும்.

மணலைப் பரப்பிவிட்டு அதன்மேல் கல்லை வைப்பது ஆபத்தான தவறு. பிஸ்டல் இறால், சில கோபி மீன்கள் எல்லாம் மணலைத் தோண்டித்தான் வாழும். கல்லுக்கு அடியில் தோண்டும்போது மேலே உள்ளது சரிந்து அந்த உயிரை நசுக்கும், சில சமயம் கண்ணாடியையும் உடைக்கும். அடிக்கல்லை நேராகத் தொட்டியின் அடித்தளத்திலோ, அங்கே விரித்த மெல்லிய பிளாஸ்டிக் வலைத் தகட்டின் மேலோ வையுங்கள். அதன்பிறகு சுற்றிலும் மணலைப் போடுங்கள்.

ஒவ்வொரு கல்லும் கீழே உள்ளதை மூன்று இடத்திலாவது தொட்டு உட்கார வேண்டும். வைத்ததும் ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள். ஆடினால் திருப்பி வையுங்கள், அப்படியும் ஆடினால் ஒட்டுங்கள். சூப்பர் க்ளூ ஜெல் தண்ணீருக்குள்ளும் பிடிக்கும். பெரிய கல்லுக்கு அது மட்டும் போதாது. ஒரு பக்கம் ஜெல், நடுவில் எபாக்சி புட்டி (பிசைந்து வைத்தால் இறுகிவிடும் பசை), மறுபக்கம் ஜெல் என்று வைத்து அழுத்தினால் நன்றாக நிற்கும். எபாக்சியை ஒரே நாளில் நிறையப் போட வேண்டாம். தண்ணீர் கலங்கும், கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் பொங்கும். நம் கைக்கு ஆடாத சின்னக் கல்லைக்கூட, பாசி தின்ன விடும் டர்போ நத்தை இரவில் புரட்டிப் போட்டுவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

உயரம் தொட்டியின் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது. இன்று வெற்றாகத் தெரியும் மேல்பகுதி பவளம் வளர்வதற்கான இடம். கிரீன் ஸ்டார் பாலிப் போலப் படர்ந்து எல்லாவற்றையும் மூடும் பவள வகைகளுக்கு, மற்றவற்றைத் தொடாத ஒரு தனிக்கல் ஒதுக்கிவிடுங்கள்.

கல்லைக் கையாளும்போதும் தவறுகள் நடக்கும். குழாய்த் தண்ணீரில் கழுவினால் காசு கொடுத்து வாங்கிய உயிர்களே செத்துப்போகும். உப்பு நீரில்தான் அலச வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே நிறைய இறந்திருக்கிறது என்று பொருள். அந்தக் கல்லைத் தனி வாளியில் உப்பு நீர், ஹீட்டர், பம்ப் போட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியத்துக்கு வரும்வரை வையுங்கள், அதற்குச் சில வாரம் ஆகலாம். பூச்சி போகட்டும் என்று கல்லைக் கொதிக்க வைக்கவே கூடாது. அதில் ஒட்டியிருக்கும் சில சோயாந்திட் பாலிப்களில் (பவளத்துக்கு உறவான சிறு உயிர்கள்) பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அது ஆவியோடு கலந்து மூச்சில் ஏறி, குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

கண்ணாடி போன்ற தண்டில் பூப்போல நிற்கும் ஐப்டேசியா என்ற தொல்லை தரும் கடல் சாமந்தி தெரிந்தால் சுரண்டாதீர்கள். விட்டுப்போன துணுக்கிலிருந்து மறுபடி முளைக்கும். அதற்கென உள்ள பசை மருந்தை அதன் வாயில் வைத்து அடைப்பது ஒரு வழி. பிரிசில் புழுவைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, அது மிச்சம் மீதியைத் தின்று உதவுகிறது. வெறும் கையால் மட்டும் தொடாதீர்கள், அதன் முள் தோலில் ஏறும்.

அப்புறம், தொட்டிக்குள் கை விடுவதற்கு முன் அதன் அடி அளவை ஒரு அட்டையில் வரைந்து, அதன்மேல் கற்களை அடுக்கிப் பாருங்கள். உயிர் இல்லாத உலர்ந்த கல்லான டிரை ராக் என்றால் அவசரமே இல்லை. லைவ் ராக் என்றால் இடையிடையே உப்பு நீரைத் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிடித்த அமைப்பு வந்ததும் நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு அதே வரிசையில் உள்ளே மாற்றுங்கள். தண்ணீரைக் கல்லுக்குப் பிறகு நிரப்புங்கள். தண்ணீரை ஓடவைக்கும் பம்பான வேவ்மேக்கரை ஒரு வாரம் ஓடவிட்டு, எந்த மூலையில் தூசி சேர்கிறது என்று பார்த்து அதன் முகத்தைத் திருப்புங்கள். அப்படியும் போகவில்லையென்றால், பவளம் எதுவும் ஒட்டாத அந்த நாட்களிலேயே கல்லை நகர்த்திவிடுங்கள்.