மேலறை லீடு கீழறையை ஒட்டுக் கேட்காமலிருக்க

புதுச்சேரியில் கேத் லேப் (இதயச் சிகிச்சைக் கூடம்) டெக்னீஷியன் நான். பேஸ்மேக்கர் பொருத்தும்போது கவனிக்க, புதிதாகச் சேரும் தம்பி, தங்கைகளுக்கு இது.

இதயத்தின் வலது மேலறையில் லீடை (பேஸ்மேக்கரின் மின்கம்பியை) வைத்ததும் பி அலையின் (மேலறைத் துடிப்பின் சிக்னல்) அளவை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். கீழறையைப் பேஸ் செய்துகொண்டே (மின்தூண்டல் கொடுத்துத் துடிக்க வைத்துக்கொண்டே) மேலறைச் சிக்னலைப் பாருங்கள். பி அலைக்குப் பின்னால் குட்டியாக இன்னொரு மேடு தெரிகிறதா? அது கீழறைத் துடிப்பின் சிக்னலான ஆர் அலை. பேஸ்மேக்கர் அதையும் மேலறைத் துடிப்பாக எண்ணினால், இல்லாத ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்காக (மேலறை தாறுமாறாகத் துடிப்பது) மோடை, அதாவது தான் இயங்கும் முறையை, மாற்றிவிடும். பாகூரிலிருந்து பஸ் ஏறி வரும் ஆயாவுக்குக் காரணமே தெரியாமல் அசதி, படபடப்பு.

டிரைகஸ்பிட் வால்வை (வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பது) ஒட்டி வைத்தால் தொல்லை அதிகம். பக்கச் சுவரில் பெரும்பாலும் குறைவு. லீடின் இரண்டு மின்முனைகளான நுனிக்கும் வளையத்துக்கும் இடைவெளி குறைந்தால் இன்னும் நல்லது. இடம் மாற்றலாமா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

அப்புறம்தான் சென்சிட்டிவிட்டி (எவ்வளவு சின்ன சிக்னல் வரை கருவி உணரணும் என்பது), பிளாங்கிங் (எவ்வளவு நேரம் கருவி சிக்னலைக் கவனிக்காமல் இருக்கணும் என்பது) எல்லாம். பிளாங்கிங்கை ரொம்ப நீட்டினால் நிஜமான ஃப்ளட்டரே (மேலறையின் சீரான அதிவேகத் துடிப்பு) கருவியின் கண்ணில் படாமல் போகலாம்.