இன்ஜின் ஓடுகிறது, கரண்ட் வரவில்லையா?

பல வருடம் சும்மா கிடந்த பழைய ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகி, இன்ஜின் சீராக ஓடியும் வோல்ட் மீட்டர் முள் அசையவில்லை என்றால், காயில் எரிந்துவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். உள்ளே சுழலும் பாகமான ரோட்டரின் இரும்பில் மிச்சமிருக்கும் கொஞ்சம் காந்தத்தை வைத்துத்தான் இவை மின்சாரம் எடுக்கவே தொடங்கும். நெடுநாள் ஓடாமல் கிடந்தால் அதுவும் போய்விடலாம்.

முதலில் இன்ஜினை நிறுத்தி, கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா, அது உரசும் வளையமான ஸ்லிப் ரிங்கில் கறுப்பு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தாலே சில சமயம் உயிர் வந்துவிடும்.

அப்புறமும் வரவில்லையா? போன காந்தத்தைத் திரும்ப ஏற்றிப் பார்க்கலாம். இன்ஜின் நின்றிருக்கும்போதே, வோல்டேஜைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரிலிருந்து பிரஷுக்கு வரும் ஒயர்களைக் கழற்றிவிட்டு, 12 வோல்ட் பேட்டரியைப் பிளஸ், மைனஸ் மாறாமல் பிரஷ்களில் சில வினாடி மட்டும் கொடுங்கள். பேட்டரியை எடுத்து, ஒயர்களைப் பழையபடி மாட்டி, லோடு இல்லாமல் ஓட்டிப் பாருங்கள்.

பிரஷ் இல்லாத, கெப்பாசிட்டர் வைத்த மாடல்களுக்கு இந்த வைத்தியம் சரிப்படாது. அதில் முதல் சந்தேகம் கெப்பாசிட்டர் மேல்தான். இன்ஜின் நின்ற பிறகும் அது நன்றாகவே ஷாக் அடிக்கும். சார்ஜை இறக்காமல் கை வைக்காதீர்கள்.

வேகத்தையும் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் வர, இரண்டு துருவ ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்று, நான்கு துருவம் என்றால் 1500 சுற்று ஓட வேண்டும்.