குறுக்குக் காற்றில் மோட்டார் படகைப் பின்பக்கமாகக் கரையணைப்பது எப்படி?

மூன்று கோடைகளாகக் குரோவேஷியாவின் ஸ்பிளிட் நகரில் படகு வாடகைக்கு எடுத்து, சுற்றியுள்ள தீவுகளுக்குப் போய் வருகிறேன். 11 மீட்டர் நீளம், இரட்டை எஞ்சின். முதல் கோடையில், பிராச் தீவின் ஒரு சிறு துறையில், புரொப்பெல்லரில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு பக்கத்துப் படகின் மேல் சாய்ந்து நின்றேன். கரையோரக் கடைகளில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். தவறு முழுக்க என்னுடையது. அது எந்த நொடியில் நடந்தது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

உரிமம் இருக்கிறது, படகு ஓட்டத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முன்முனையை அணியம் என்றும் பின்முனையை அமரம் என்றும் குறிப்பிடுகிறேன். நல்ல தமிழ்ச் சொற்கள் இருக்கின்றன, பயன்படுத்துவோம்.

ஏன் பின்பக்கமாக? மத்தியதரைக் கடலில் ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவது, மிகக் குறைவு. ஸ்பிளிட்டில் அரை மீட்டர்கூட ஏறி இறங்காது. அதனால் மிதக்கும் மேடை தேவையில்லை, கல் சுவரிலேயே படகைக் கட்டலாம். சுவரின் நீளம் குறைவு, படகுகள் அதிகம். எனவே சைக்கிள் நிறுத்தத்தில் போல எல்லாரும் அமரத்தைச் சுவருக்குக் காட்டி நெருக்கமாக நிற்கிறார்கள். அணியத்தைப் பிடித்து நிறுத்துவது மூரிங் கயிறு. அது கடலடியில் கிடக்கும் கான்கிரீட் கட்டையில் கட்டப்பட்டிருக்கும். அதன் மெல்லிய வால் மட்டும் கரைச்சுவரில் கட்டியிருக்கும்.

முதல் படி: காற்றின் பெயர் தெரிந்துகொள்ளுங்கள்

கோடையில் தினமும் வருவது மாயிஸ்ட்ரால். வடமேற்குக் காற்று, நண்பகலுக்குப் பிறகு ஏறும், மாலையில் அடங்கும். பகல் 1 மணிக்குள் துறைக்குப் போய்விட்டால் இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவைப்படாது. யூகோ தென்கிழக்கிலிருந்து வரும். இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொண்டு மெல்ல வளர்ந்து பெரிய அலைகளைக் கொண்டுவரும். பூரா அப்படியல்ல. வானம் பளிச்சென்று இருக்கும்போதே வடகிழக்கு மலைகளிலிருந்து சரிந்து விழும். மலை முகட்டில் தொப்பி போல வெண்மேகம் உட்கார்ந்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

துறை எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதையும் வரைபடத்தில் பாருங்கள். ஹ்வார் நகரத் துறை தெற்குக் காற்றுக்கு இடம் கொடுக்கும். விஸ் நகரத் துறை பூராவுக்கு வாய் திறந்து நிற்கும். வானிலைக்கு நான் முதலில் படிப்பது குரோவேஷிய வானிலை நிலையமான டி.எச்.எம்.இசட். வெளியிடும் ஏட்ரியாட்டிக் அறிக்கை. கைப்பேசிச் செயலிகளின் வண்ணப் படங்கள் அழகாக இருக்கின்றன. பூராவின் திடீர் வீச்சுகளை அவற்றை நம்பிக் கணிக்க மாட்டேன்.

இரண்டாம் படி: எல்லாம் துறைக்கு வெளியிலேயே தயாராக வேண்டும்

இரண்டு பக்கமும் ஃபெண்டர்கள் (மோதலைத் தாங்கும் காற்றடைத்த மெத்தைகள்), அமரத்தில் ஒரு பெரிய உருண்டை ஃபெண்டர். உருண்டைதான் வேண்டும், நீளமானது சுவரில் உருண்டு நழுவுகிறது. அமரக் கயிறுகள் இரண்டையும் கிளீட்டில் (படகில் கயிறு கட்டும் கொம்பு) மாட்டி, கைப்பிடிக் கம்பிக்கு வெளியே எடுத்துச் சுருட்டி வையுங்கள். கையுறை கட்டாயம்: மூரிங் கயிற்றில் ஒட்டிய சிப்பிகள் உள்ளங்கையைக் கிழித்துவிடும். மரினாவாக (படகுகள் நிறுத்தும் தனித் துறை) இருந்தால் வி.எச்.எஃப். வானொலியில் 17ஆம் அலைவரிசையில் கூப்பிட்டு இடம் கேளுங்கள்.

மூன்றாம் படி: பின்னோக்கிச் செல்வது

ஸ்டீயரிங்கை நேராக வைத்துவிட்டு, இரண்டு எஞ்சின்களின் கியரால் மட்டும் திருப்புங்கள். உங்கள் இடத்துக்கு நேராக அல்ல, காற்று வரும் பக்கமாகச் சற்றுத் தள்ளித் தொடங்குங்கள். வழியில் காற்று உங்களைத் தள்ளி இடத்துக்கு நேரே கொண்டுவரும். பயத்தில் ரொம்ப மெதுவாகப் போகாதீர்கள். வேகம் குறைந்தால் காற்றுக்குத்தான் கொண்டாட்டம். காற்றின் வேகம் 10 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) என்பதிலிருந்து 20 நாட் ஆனால் அதன் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது.

நான்காம் படி: நான் விழுந்த குழி

அமரம் சுவரை நெருங்கியதும் கரையில் நிற்பவர் மூரிங் கயிற்றின் வாலைக் கொக்கிக்கழியால் தூக்கி உங்களிடம் நீட்டுவார். கை தானாக அதை வாங்கப் போகும். வாங்காதீர்கள். நான் வாங்கினேன். அதை இழுத்துக்கொண்டு என் மனைவி அணியத்துக்கு ஓடினாள். அதற்குள் காற்று அணியத்தைத் தள்ள, நான் பதறிப்போய் கயிறு இருந்த பக்கத்து எஞ்சினையே இயக்கினேன். படகுக்கு அடியில் தொய்ந்து கிடந்த கயிறு சுற்றிக்கொண்டது.

முதலில் போக வேண்டியது காற்று வரும் பக்கத்து அமரக் கயிறு. அதைக் கரைக்கு எறிந்து, வளையத்தில் கோத்துத் திருப்பி வாங்கி, கிளீட்டில் இறுக்குங்கள். இப்போது காற்று போகும் பக்கத்து எஞ்சினை மட்டும் மெதுவாக முன்னோக்கி விடுங்கள். மற்றது நியூட்ரலில். கயிறு ஒரு மூலையைப் பின்னுக்குப் பிடிக்கிறது, எஞ்சின் எதிர் மூலையை முன்னுக்குத் தள்ளுகிறது. அணியம் காற்றை நோக்கித் திரும்பி அப்படியே நிற்கிறது. முதல்முறை இது வேலை செய்ததைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இத்தனை எளிய விஷயத்துக்கா அத்தனை கூச்சல்!

படகு நின்றுவிட்டதால் அவசரமில்லை. இப்போது மூரிங் வாலைக் கேட்டு வாங்கி, நியூட்ரலில் இருக்கும் எஞ்சின் பக்கமாகவே அணியத்துக்கு நடந்து, தடித்த கயிறு கைக்கு வந்ததும் இழுத்துக் கட்டுங்கள். மிஞ்சிய வாலை நீரில் மூழ்க விடுங்கள். பிறகு இரண்டாவது அமரக் கயிறு.

கடைசியாக, படகைச் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். பயணிகள் படகுகள் கடக்கும்போது எழும் அலை அமரத்தைச் சுவரில் மோதவைக்கும். இறங்கத்தான் பலகை இருக்கிறதே.

பின்சேர்க்கை: ஒற்றை எஞ்சின் படகுக்கு என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். அதே கயிறுதான் முதலில். ஸ்டீயரிங்கைக் காற்று வரும் பக்கமாகத் திருப்பி மெதுவாக முன்னோக்கி விடுங்கள். ஆனால் மூரிங் கயிறும் புரொப்பெல்லரும் இங்கே நெருக்கம் என்பதால், வாலைத் தொய்யவிடாமல் இழுத்துப் பிடித்தபடியே நடக்க வேண்டும்.

காற்று நேராகச் சுவரை நோக்கி வீசினால்? இந்த முறை உதவாது. காற்றுதான் அமரத்தைச் சுவரை நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறதே. நான் அப்போது துறைக்குள் போவதே இல்லை; தீவின் மறுபக்கம் ஏதாவது விரிகுடாவில் நங்கூரம் போட்டுவிடுகிறேன்.

கிளம்பும்போது வரிசை தலைகீழ். காற்று போகும் பக்கத்து அமரக் கயிறு முதலில், பிறகு மூரிங், கடைசியில் மற்ற அமரக் கயிறு. மூரிங்கை அவிழ்த்ததும் அது கீழே இறங்கக் காத்திருங்கள். நான் முப்பது வரை எண்ணுகிறேன், மனைவி ஐம்பது வரை.