கொடைக்கு லீவு கேட்கிற ‘கிராண்ட்’: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி பிறந்தால் போதும், நெல்லைப் பக்கம் ஏதாவது ஓர் அம்மன் கோயிலில் கொடை, அதாவது திருவிழா. பாளையங்கோட்டையில் என்னிடம் டியூஷன் படிக்கிற பிள்ளைகள் லீவ் லெட்டரை எழுதிக்கொண்டு வந்து நீட்டுவார்கள். காரணமெல்லாம் சரியாக இருக்கும். ‘கைண்ட்லி’க்கு அடுத்த சொல்லில்தான் வண்டி குடைசாயும்.

லீவு தரச் சொல்லும் கிராண்டுக்குப் பதிலாக, கல்யாண வீட்டைப் பார்த்து ‘செம கிராண்டா இருக்கு’ என்போமே, அந்தக் கிராண்டை எழுதிவிடுவார்கள். பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியாது. தமிழில் ண் முன்னால் வந்தால் டகரம் மெலிந்துதான் ஒலிக்கும். வண்டி, சுண்டல் என்று சொல்லிப் பாருங்கள். அதனால் நம் வாயில் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, தமிழ் எழுத்திலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் எழுதும்போது லீவு கேட்கிற கிராண்டின் கடைசி எழுத்து டீக்கடை டீ (t). தடபுடல் கிராண்டுக்கு டில்லி டி (d).

எழுத்து சரியானாலும் அப்புறம் ‘கிராண்ட் மீ டு கோ’ என்று நீளும். இந்தச் சொல்லோடு வினை நேராக ஒட்டாது. என்ன தர வேண்டும் என்று ஒரு பெயர்ச்சொல் கேட்கும். ‘கிராண்ட் மீ லீவ்’ சரி. ‘கிராண்ட் மீ பெர்மிஷன் டு கோ’ சரி. பெர்மிஷன் வேண்டாமென்றால் ‘அலவ் மீ டு கோ’ என்று எழுதலாம். ஆனால் லெட் வந்தால் அந்த ‘டு’ ஓடிவிட வேண்டும்: ‘லெட் மீ கோ’. தமிழில் ‘போக விடு’, ‘போக அனுமதி’ இரண்டுக்கும் ஒரே ‘போக’தானே, குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. ‘விட்டார்கள், போனேன்’ என்பதற்கு ‘ஐ வாஸ் லெட் டு கோ’ ஆகாது, ‘ஐ வாஸ் அலவ்ட் டு கோ’. ‘லெட்டட்’ என்று ஒரு சொல்லே கிடையாது, நேற்றைக்கும் லெட்தான்.

கிராண்டில் கொஞ்சம் அதிகார வாடை உண்டு. மேலே இருப்பவர், கேட்டவருக்கு இரங்கித் தருவது. ‘ஏல, பைக்கக் கொஞ்சம் தால’ என்கிற கூட்டாளியிடம் போய் அதைச் சொன்னால் சிரிப்பான். அங்கே கிவ் போதும்.

‘டேக் இட் ஃபார் கிராண்ட்’ என்பதும் தப்பு, ‘கிராண்டட்’ என்று முடிய வேண்டும். எப்படியும் கிடைத்துவிடும் என்று மெத்தனமாக இருப்பதைச் சொல்வது. இதே கிராண்டட் வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் பொருள் வேறு. ‘சரி, ஒத்துக்கிடுதேன், ஆனா...’ என்று பெரியவர்கள் இழுப்பார்களே, அது. பின்னாலேயே ஒரு ‘பட்’ வரும். ஹெச்.எம். பதில் அப்படித் தொடங்கினால் கொடைக்குப் போவது சந்தேகம்தான்.